இடது காலுக்கு வேலையில்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வீடு மலேசியாவில், கிள்ளானில்; வேலை மேருவில் ஒரு பயிற்சி நிலையத்தில். இருபது வருடத்துக்கு மேலாக என் பகல்பொழுது ஓட்டுகிறவருக்கு இடப்பக்க இருக்கையில்தான் கழிகிறது. எங்கள் பயிற்சிக் கார்களில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் என் இடது கால் தொட்டும் தொடாமலும் இருக்கும். பழகுகிறவர் பதறிப்போய் எண்ணெயை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, மிதித்தாலோ, சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனாலோ, சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசினாலோ, நான் யோசிப்பதற்கு முன்னால் அந்தக் கால் அமுக்கிவிடும். வாய் அதற்குப் பிறகுதான் திட்டும்.

என் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளைக்குக் கார் என்றால் உயிர். வீடு பிரிக்பீல்ட்ஸில். மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. பெரியவர்களிடம் மரியாதை தெரிந்தவர், குடிப்பதில்லை, என் வீட்டுக்காரரோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய சின்னக் காரின் புகைக்குழாயை மாற்றி வைத்திருந்தார். எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அடுப்படியில் எனக்குக் கேட்டுவிடும். எல்லாம் சரி, ஓட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தேன்.

சிப்பாங் பந்தயத் தடத்தில் பந்தயக் கார் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். தனக்கு ஒரு இடம், வருங்கால மாமனாருக்கு ஒரு இடம். அந்த வாரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் கால் பெருவிரல் வீங்கிவிட்டது. செருப்புகூடப் போட முடியவில்லை. இடம் வீணாகிறதே, நீங்கள் வாருங்கள் ஆன்டி என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு ஒரு யோசனை வந்தது. அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதை ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்துவிடலாம். அந்த எண்ணத்தில்தான் கிளம்பினேன். பந்தயக் கார் மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

அங்கே போனதும் ஒரு தடித்த உடையைக் கொடுத்தார்கள். கைகால் எல்லாம் ஒன்றாகத் தைத்த உடை, நெருப்புப் பற்றாது என்றார்கள். என் அளவுக்கு இல்லை. கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டேன். தலைக்கவசம் நுழைய வேண்டுமென்றால் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கவசத்தை மாட்டி, மறுபடி கண்ணாடியை உள்ளே செருகினேன். மாப்பிள்ளை எனக்கு முன்னால் போய் ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. நான் கட்டைச் சுவரோரம் நின்று பார்த்ததில் அவர் யாரையும் முட்டித் தள்ளவில்லை, எல்லா வளைவிலும் ஒழுங்காகத் திரும்பினார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

என் முறை வந்தது. காரின் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அவற்றைத் தாண்டி, முதலில் ஒரு காலை விட்டு, பிறகு குனிந்து, பிறகு மற்றக் காலை இழுத்து உள்ளே உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஒருவர் வந்து தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று பட்டைகளைப் பூட்டி இறுக்கினார். தாலிச் சங்கிலி நெஞ்சில் அழுந்தியது. எத்தனையோ பேருக்கு நான் இருக்கைப் பட்டையைச் சரிபார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் பார்த்ததில்லை.

இடப்பக்கத்தில் பயிற்சியாளர் ஏறிக்கொண்டார். தாடி நரைக்கத் தொடங்கிய மலாய்க்காரர். என்னைக் 'காக்', அக்கா, என்று கூப்பிட்டார். தலைக்கவசத்துக்குள் இருந்த ஒலிபெருக்கியில் அவர் குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. மலாயில் நிதானமாக விளக்கினார். கியர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டுவது. கிளட்ச், கிளம்பும்போது ஒரு தரம் மட்டும். எண்ணெயும் பிரேக்கும் வலது காலுக்கு. கிளம்பிய பிறகு இடது காலை அந்த ஓரத் தகட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், இன்றைக்கு அதற்கு வேலையில்லை என்றார்.

சரி என்று தலையாட்டினேன். தற்செயலாகத்தான் அவர் பக்கம் கீழே பார்த்தேன். அவர் கால்கள் வெறும் தகரத் தரையில் இருந்தன.

உங்கள் பிரேக் எங்கே என்று கேட்டேன்.

"தா அட, காக்" என்றார். இல்லையாம். ஏதோ நான் சீனி இருக்கிறதா என்று கேட்டது போலச் சொன்னார்.

 இவருக்கு நான் முன்பின் தெரியாத ஒரு பெண். அவள் எப்படி ஓட்டுவாள் என்று இவருக்கு ஒன்றும் தெரியாது. நான் என் தொழிலைக்கூட அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இவர் பாட்டுக்குக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் இருக்கையில், பிரேக் இல்லாத என் இருக்கையில், உட்கார்ந்திருக்கிறார். சொந்த மகள் ஓட்டப் பழகியபோதுகூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. பயிற்சி நிலையத்துக் காரில்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

யோசிக்க நேரம் இல்லை. கை காட்டிவிட்டார்கள்.

தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம் காதில் விழாது, நெஞ்செலும்பில் விழும். அந்த எஞ்சின் அப்படித்தான் இருந்தது. முதல் சுற்றை மெதுவாகவே ஓட்டினேன். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று பயிற்சியாளர் விடாமல் பேசிக்கொண்டே வந்தார். பிடிங்க, பிடிங்க, விடுங்க, பாருங்க, இப்போ மிதிங்க. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதை வந்ததும் முழுசாக மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கழுத்து பின்னால் போய் இருக்கையில் ஒட்டிக்கொண்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களை இடது தடத்திலிருந்து ஏசியே பழகியவள் நான். இங்கே பக்கத்துப் புல்வெளி பச்சைக் கோடாக ஓடியது. வாய் திறந்தே இருந்து நாக்கு உலர்ந்துபோனது. எனக்குப் பிடித்திருந்தது. அதை என்னால் நம்பவே முடியவில்லை.

மூன்றாவது சுற்றில்தான் அவர் சொன்னார், வளைவின் உள்விளிம்பில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றுங்கள், நிறைய இடம் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று. அவர் சொன்னபடியே செய்தேன். இடப்பக்கச் சக்கரம் கல்லில் ஏறியது. தடதடவென்று ஒரு சத்தம் காரின் அடிவயிற்றிலிருந்து வந்தது.

அந்தச் சத்தத்தை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடைபாதையில் கார் ஏறும் சத்தம்.

என் இடது கால் பிரேக்கை மிதித்தது. நான் மிதிக்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மட்டும் ஓரத்துத் தகட்டை விட்டுக் கிளம்பிப் போய், தன் முழுப் பலத்தோடு அமுக்கியது. வலது கால் அப்போதும் எண்ணெயின் மேல்தான் இருந்தது.

காரின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. புல், பார்வையாளர் மேடையின் ஆளில்லாத இருக்கைகள், வானம், மறுபடி புல். பக்கத்துக் கதவுக் கண்ணாடி வழியாக நாங்கள் வந்த பாதை தெரிந்தது, பிறகு முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டயர்கள் கத்தியது எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போல் இருந்தது. காதுக்குள் பயிற்சியாளரின் குரல் மட்டும் தெளிவாக, கொஞ்சமும் ஏறாமல் வந்தது. இரண்டு காலும் கீழே, காக், இரண்டும் கீழே, பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன்.

நின்றோம். எஞ்சின் அணைந்துவிட்டது. வந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். கருகிய ரப்பர் நாற்றமும் வெள்ளைப் புகையும் உள்ளே வந்தன. தூரத்தில் ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினார். இன்னொரு கார் வேகத்தைக் குறைத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் ஓட்டுநர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க நினைத்தேன். விரல்கள் பிரியவில்லை.

பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, அடி ஏதும் பட்டதா என்பது. இல்லை என்றேன். இரண்டாவது கேள்வி, "காக்கி கிரி?" இடது காலா?

ஆமாம் என்றேன். என் தொழிலை அப்போதுதான் சொன்னேன்.  அவர் தலைக்கவசம் குலுங்கச் சிரித்தார். நாம் இரண்டு பேரும் ஒரே வேலைதானே, முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களைக் கொன்றிருப்பேன் என்றேன். அகலமான இடம், அதற்காகத்தான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். பிரேக் இல்லாமல் இப்படி உட்கார்ந்து வர உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறேன் என்றார்.

பிறகு, எஞ்சினைப் போடுங்கள் என்றார். நான் இறங்கிவிடுகிறேன், நீங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். இங்கே இறங்கக் கூடாது, இடம் மாறவும் முடியாது என்றார்.  அந்த மனிதர் காரை விட்டுத் தப்பிப் போகும் முயற்சி எதையும் செய்யவில்லை. பட்டையைக்கூடத் தொடவில்லை. இப்போதுதானே இந்தப் பெண் தன்னைப் பம்பரம் போல் சுற்றவிட்டாள் என்ற நினைப்பே இல்லாதவர் மாதிரி, கைகளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜாலான், காக்" என்றார். போகலாம் அக்கா.

இடது காலை இருக்கையின் அடியில் மடக்கி, குதிகாலை இருக்கைக் கம்பிக்குப் பின்னால் கொடுத்து மாட்டிக்கொண்டு மிச்சப் பாதையை ஓட்டி முடித்தேன். சைக்கிளில் போகிறவர்கூட எங்களை முந்தியிருப்பார்.

இறங்கினதும் அடுக்கி வைத்திருந்த டயர்களின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை ஓடி வந்தார். உள்ளே இருந்த திரையில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சிரிக்கப் போகிறார், இனி வாழ்நாள் முழுக்க வீட்டில் சொல்லிச் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் கொடுத்தார்.

"இடது கால் பிரேக்குக்குப் போச்சா ஆன்டி?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் லா. நீங்க என் கார்ல ஏறினா நான் உங்க காலைத்தான் பாத்துக்கிட்டு ஓட்டுவேன். நீங்க தரையை அமுக்கினா, ஸ்பீட் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே கொறைச்சிடுவேன். நீங்க வாய் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, கால்தான் சொல்லும்."

 கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கும் எத்தனையோ தரம் அவரோடு போயிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பெருந்தன்மையாக வருவதாகத்தான் நினைத்திருந்தேன். அந்தக் காரில் என் கால் போட்ட கூச்சலை அவர் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார். கார் சுற்றியபோது வந்த அதிர்ச்சியை விட இது எனக்குப் பெரிதாக இருந்தது. தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துச் சொல்லும் கதையாகிப் போயிருக்கும்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனேன். முதல் வகுப்பு, காப்பாரில் மீன் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு. நாற்பது வயதைத் தாண்டியவள், விவரமானவள், கொஞ்சம் அவசரக்காரி. மோட்டார் சைக்கிளிலேயே காலம் தள்ளிவிட்டு, இப்போது வேன் ஓட்ட வேண்டும் என்று வந்தவள். தொழிற்பேட்டைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு தொழிற்சாலை வாசலிலிருந்து லோரி ஒன்று பின்புறமாக வெளியே வந்தது. நான் முன்பே பார்த்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கால் அசையவில்லை.

அமுக்கு என்று அதற்குச் சொன்னேன். தானாக ஓடுகிற காலுக்கு முதல் தடவையாக நான் உத்தரவு போட்டேன். அது மரத்துப்போன கால் போலப் பிரேக்கின்மேல் கிடந்தது. லோரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க வளர்ந்துகொண்டே வந்தது. வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. கடைசி நொடியில் அவளே நிமிர்ந்து பார்த்து, அவளே மிதித்தாள். லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் புக இடம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை, பெருமை இருந்தது.

"நீங்க அமுக்கவே இல்லையே டீச்சர். நானா நிப்பாட்டுறேனான்னு பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. இல்லை, என் கால் வரவில்லை என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னை, என் காலை, மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தனியாக ஓட்டுகிறவளைப் போல நிதானமாகக் காரை நிலையத்துக்குத் திருப்பினாள். 

முதலாளியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சீன அம்மாள், அதிகம் பேச மாட்டார். கார்ச் சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டு, கொஞ்ச நாள் வகுப்பறையில் சாலை விதிகள் நடத்தச் சொன்னார். நடத்தினேன். பலகையில் வரைந்த காரை நிறுத்த எந்தக் காலும் தேவையில்லை. ஆனால் தெருவில் நடக்கும்போது, பேருந்தில் உட்காரும்போது எல்லாம் என் கவனம் அந்தக் காலிலேயே இருந்தது. அதிகமாகப் போனதும் அதுதான், போகாமல் நின்றதும் அதுதான். எதை நம்பி இனி ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்காருவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தொழிலையே விட்டுவிடலாம் என்றுகூடப் பேசினோம்.

மகள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள் போல. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து நின்றார். பயிற்சித் திடல் அன்றைக்கு மூடியிருக்கும் இல்லையா, முதலாளியம்மாவிடம் ஒரு காரும் திடலும் கேட்டுப் பாருங்கள் என்றார். எதற்கு என்றேன். தான் கார் ஓட்டப் பழக வேண்டும் என்றார்.

முதலாளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அன்று அந்தத் திடலில் மாப்பிள்ளை ஓட்டியதைப் போல் மோசமாக ஓட்டியவரை நான் பார்த்ததில்லை. கியரை மாற்றிப் போட்டார். நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போனார். நடைபாதைக் கல்லில் வேண்டுமென்றே ஏற்றினார். தடதடவென்றது. என் கால் எழும்பவில்லை. பரவாயில்லை ஆன்டி, இன்னொரு தரம் என்று பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். நான்காவதோ ஐந்தாவதோ தடவையில் யோசித்து, சொல்லி, ஒரு வழியாக அமுக்கினேன். அதற்குள் கார் தானே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவர் விடவில்லை. வெயில் ஏறி, உள்ளே வெந்துபோய், இருவர் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் அவரை ஏசவே ஆரம்பித்துவிட்டேன், எல்லா மாணவர்களையும் ஏசுவது போல. அவர் பவ்யமாக "சாரி டீச்சர்" என்றார்.

திடலின் மேட்டுச் சாலையில் ஏறி இறங்கும்போது, வேலி ஓட்டை வழியாக ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அதை அவர் ஏற்பாடு செய்திருக்கவில்லை. கார் மூக்குக் குத்தி நின்றது. பட்டை இரண்டு பேரையும் இழுத்துப் பிடித்தது. நாய் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் நிழலில் படுத்தது.

குனிந்து பார்த்தேன். என் இடது கால் பிரேக்கை முழுசாக அமுக்கியிருந்தது. அவருடைய வலது காலும் அவர் பக்கத்துப் பிரேக்கை அமுக்கியிருந்தது.

"யாரு மொதல்ல அமுக்கினது ஆன்டி?" என்று கேட்டார். அதில் நடிப்பு இல்லை.

தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தொடைத் தசை துடித்துக்கொண்டிருந்தது. என் உடம்பில் இருந்துகொண்டு என்னைக் கேட்காமல் ஓடுகிற ஒன்றைப் பார்த்து அத்தனை பயமும் அத்தனை நன்றியும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

மறு வாரம் சாவி மறுபடி என் கைக்கு வந்தது. மீன் கடைக்காரப் பெண் வேறு டீச்சரிடம் மாறிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து, இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைச் சரிசெய்து, பிறகு வெட்கமே இல்லாமல் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றேன்.

பட்டையைப் பூட்டிக்கொண்டு காரை எடுத்தாள்.